வேலை நியூகாசிலில், வாசம் கரந்தையில்

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்ற வசதி உங்களுக்கு வாய்த்திருக்கிறதா? கோவா வேண்டாம், பாலி வேண்டாம். தஞ்சாவூருக்கு வாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி சாலையில் இளமையின் நல்ல பகுதியை நெரிசலிலேயே கழித்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: மடிக்கணினியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல ஊர் கிடையாது.

நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் இருக்கிறது. சிட்னிக்கு வடக்கே 160 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் இருக்கும் ஊர். உலகின் பெரிய நிலக்கரித் துறைமுகங்களில் ஒன்று அங்கே உண்டு. 1999-இல் அங்கிருந்த பெரிய எஃகு ஆலையை மூடினார்கள். ஊர் படுத்துவிடவில்லை, பல்கலைக்கழகம், மருத்துவமனை, சின்னச் சின்ன நிறுவனங்கள் என்று வேறு வழியில் எழுந்து நின்றது. என் குழுத் தலைவர் சிட்னி வாடகைக்குத் தப்பி அங்கே குடியேறியவர். 1922-இல் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று ஊரில் இருக்கிறது. காலையில் அதில் நீந்திவிட்டு, தலை காயாமலேயே கணினி முன்னால் வந்து உட்காருவார். "பெரிய நகரத்துக்கு அருகில் இரு, அதற்குள் இருக்காதே" என்று அடிக்கடி சொல்வார். அவர் முகத்தில் இருந்த தெளிச்சியைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் கேள்வி வந்தது: நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் எது?

ஊர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூரின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம். மாநகராட்சிதான், ஆனால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது நிமிடத்தில் போய்விடலாம். நல்ல மருத்துவமனை வேண்டுமா, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புத்தகம் வேண்டுமா, சரஸ்வதி மகால் இருக்கிறது. வெளிநாடு போக வேண்டுமா, திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், சிங்கப்பூரிலிருந்து சிட்னி. சென்னையில் இரண்டு அறைக்குக் கொடுத்த வாடகையில் பாதிகூட ஆகாமல், ஊரின் கரந்தைப் பகுதியில் மொட்டைமாடியோடு, கிணற்றோடு, கொல்லையில் வாழையோடு வீடு கிடைத்தது. அந்த மாடியில் ஏறி நின்றால் பெரிய கோயில் விமானம் தெரிகிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

வேண்டியது நேரம். அதுதான் இங்கே எனக்குக் கிடைத்த பெரிய வரம். நியூகாசில் நமக்கு நாலரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை பத்து என்றால் எனக்கு ஐந்தரை. அவர்கள் மாலை ஆறு மணிக்கு வேலையை மூடும்போது இங்கே பிற்பகல் ஒன்றரை, இலை போடும் நேரம். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை அத்தனையும் என்னுடையது. அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்யும் நண்பர்கள் ராத்திரி விழித்துப் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். நான் எழும் நேரமோ பால்காரர் எழும் நேரம், பூக்காரத் தெருவில் மல்லிகை மூட்டை பிரிக்கும் நேரம். ஊரோடு எழுந்து ஊரோடு தூங்குகிற வேலை இது. தெருமுனை டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "என்ன தம்பி, ஆஸ்திரேலியா எந்திரிச்சாச்சா?" என்பார். "எந்திரிச்சாச்சுண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க" என்பேன். அவருக்கு இப்போது நியூகாசிலின் விடுமுறை நாட்கள்கூடத் தெரியும்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். ஏப்ரல் வரை என் வேலை நாலரைக்கே தொடங்கிவிடும். நாலரை மணியா என்று பயப்படாதீர்கள். அந்த மாதங்களுக்குள்தான் மார்கழி வருகிறது. மார்கழியில் தஞ்சாவூர் நாலரைக்குத் தூங்கிக்கொண்டா இருக்கும்? கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி தொடங்கியிருக்கும். ஒலிபெருக்கியில் திருவெம்பாவை ஒரு பக்கம், திருப்பாவை இன்னொரு பக்கம். எதிர்வீட்டு அக்கா வாசலில் கோலமாவை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். பனியில் தெருவிளக்கு மங்கலாக இருக்கும். அங்கே நல்ல கோடை. திரையில் எல்லோரும் அரைக்கைச் சட்டையில். நான் கம்பளி சுற்றிக்கொண்டு பேசுவேன். பேசி முடிக்கும் நேரத்தில் சூடான வெண்பொங்கல் பிரசாதம் தொன்னையில் வந்துவிடும். மாதம் முழுக்க இப்படித்தான்.

பிற்பகல் வண்டியை எடுக்கிறேன். கரந்தையில் வீடு பார்த்ததற்கு ஒரே காரணம் திருவையாற்றுச் சாலை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். கரந்தை தாண்டும்போதே வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. பிறகு வெட்டாறு, அதன் பின் குடமுருட்டி, கடைசியாகத் திருவையாற்றுக்குள் நுழையும் பாலத்தில் காவிரி. ஐந்து பாலம், ஐந்து காற்று. தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒவ்வொரு பாலத்தின் மேலும் சட்டென்று குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனாலும் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். கண்டியூர் வந்தால் அட்டவீரட்டத்தில் ஒன்றான சிவன் கோயில். அதன் வாசலில் நின்று ஒரு மோர். இருபுறமும் நெல், வாழை, நடுநடுவே தென்னந்தோப்பு.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை என்று ஒன்று இருக்கிறது. ஆறு நிறையப் போகும்போது அந்தப் படியில் இறங்கி முங்கி எழுந்ததுண்டா நீங்கள்? முதல் முங்கலில் காதுக்குள் இருந்த கூட்டப் பேச்செல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். குழுத் தலைவர் தன் கடல்நீர்க் குளத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நான் இந்தப் படித்துறையை அனுப்பினேன். மறுநாள் கூட்டத்தில் முதல் பேச்சே அதுதான்: இதற்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். கட்டணம் ஏது! குளித்து ஈரத்தலையோடு ஐயாறப்பரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அசோகா கடை. பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அந்த இனிப்பைச் சுடச்சுட இலையில் வைத்துக் கொடுப்பார்கள். விரலில் நெய் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவ மனம் வராது.

ஜனவரியில் அதே ஊரில் தியாகராஜர் ஆராதனை. 1847-இல் மறைந்த அந்த மகானின் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. நாட்டின் பெரிய வித்வான்களெல்லாம் தரையில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுவார்கள். டிக்கெட் கிடையாது. சென்னையில் சபா வாசலில் நின்று சீட்டு கிடைக்காமல் திரும்பியவர்கள் இங்கே வந்து பாருங்கள். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து பாடலாம். அன்றைக்கு மட்டும் நான் விடுப்பு.

ஆனால் டெல்டாவின் உண்மையான திருநாள் ஜூனில் வருகிறது. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். வழக்கமாக ஜூன் 12 அதைத் திறக்கும் நாள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கல்லணையில் மலரும் நெல்மணியும் தூவி மதகைத் திறப்பார்கள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறார்கள். கால்வாயை இங்கே 'புது ஆறு' என்பார்கள். அதுவும் 1934-இல் வந்ததுதான், தஞ்சாவூர் நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. அந்த நாட்களில் ஊரில் வேறு பேச்சே இருக்காது. "கல்லணை வந்துருச்சாம்." "வெண்ணாத்துல நாளைக்குக் காலைல." "தலைப்பு வந்தாச்சு, மடை வர ரெண்டு நாளாகும்." தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைப்பேறுச் செய்தியாக வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் தண்ணீர் வருவதைப் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும். காய்ந்து வெளுத்த மணலில் பழுப்பாக, நுரையும் சருகுமாக, நாம் நடக்கும் வேகத்தில் வரும். மணல் குடிக்கும், மறுபடி வரும், மறுபடி குடிக்கும். பையன்கள் அதன் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கரையில் நிற்கும் பெரியவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கூட்டத்தின் நடுவில் எழுந்து போக நான் ஒருமுறை அனுமதி கேட்டேன்; காரணம் சொன்னதும் கேமராவை ஆற்றுப் பக்கம் திருப்பச் சொல்லி, அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வறட்சி என்றால் என்னவென்று ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "ஆறு வந்து சேர்வதை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

அதன் பிறகு ஆடிப்பெருக்கு. படித்துறை முழுக்க மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் காப்பரிசியும். சிறுவர்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கட்டுச்சோறு மூட்டை மூட்டையாக ஆற்றங்கரைக்கு வந்துவிடும். தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், மூன்று குடும்பம் இலை நீட்டும்.

பச்சையில் எத்தனை பச்சை என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நாற்றங்காலின் கிளிப்பச்சை ஒன்று. நடவு முடிந்து வேர் பிடிக்கும் வரை கொஞ்சம் மஞ்சள் ஓடிய பச்சை. தூர் வெடித்த பின் கறுத்த பச்சை. பொதி கட்டி, கதிர் வாங்கி, பால் பிடித்து, தலை சாயும்போது தங்கம் கலந்துவிடும். ஜூனில் குறுவை, அது அறுத்த வயலில் தாளடி, ஒருபோகம் செய்கிறவர்களுக்கு ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை சம்பா. அறுப்புக்கு முன்னாலேயே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் வீட்டுக்குப் போனதும் மிச்ச ஈரத்தில் அவை தலை தூக்கும். மண்ணை ஒரு சொட்டு ஈரம்கூட வீணாகாமல் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். வரப்பில் உட்கார்ந்து ஒரு விவசாயியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தால், திட்டமிடுதல் பற்றி எந்த மேலாண்மைப் பயிற்சியிலும் கிடைக்காதது கிடைக்கிறது.

சாப்பாட்டைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு சேர்த்த அந்தக் குழம்பைத் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி தாண்டி யாருக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பித்தளை டவராவில் டிகிரி காபி. ஆற்றுக் கெண்டையும் விராலும் கீழவாசல் பக்கம் துள்ளத் துடிக்கக் கிடைக்கும். சாப்பிட்டபின் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. சந்திரகலா என்ற இனிப்பை நான் நியூகாசிலுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பெட்டி திறந்த வேகத்தில் காலியானது.

ஊருக்குள்ளேயே நேரம் போதாது. பெரிய கோயிலை ராஜராஜன் கட்டி முடித்தது 1010-இல். வெயில் தணிந்து கல் சூடு இறங்கியபின் புல்தரையில் உட்கார்ந்தால், விமானம் செம்மண் நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும் வரை எழத் தோன்றாது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1987-இல் அறிவித்த கட்டடம், எனக்குச் சாயங்கால நடைபழகும் இடம்! அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு 1832 வரை வாழ்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பாவிலிருந்தெல்லாம் புத்தகம் தருவித்தார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், 1805-இலேயே அச்சுக்கூடம் நிறுவினார். தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே உலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. நாங்கள் கம்பிவடத்தில் செய்வதை அவர் கப்பலில் செய்தார்.

இணையம் எப்படி, மின்சாரம் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒளியிழை இணைப்பு நன்றாக ஓடுகிறது. கூடவே கைப்பேசித் தரவு கைவசம் இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். காலை ஒன்பதுக்கு மின்வாரியத்தார் நிறுத்துவதற்குள் என் வேலையில் பாதி முடிந்திருக்கும், மீதிக்கு இன்வெர்ட்டர். 2020 ஜனவரியில் இங்குள்ள விமானப்படைத் தளத்துக்குச் சுகோய் விமானப் பிரிவு வந்தது. அவை மேலே போகும்போது ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பது வழக்கம். குறைகளும் உண்டு. மார்ச் முதல் மே வரை ஆறுகள் காய்ந்து கிடக்கும், வெயில் கடுமை. வடகிழக்குப் பருவமழையில் புயல் வரும். 2018 நவம்பரில் கஜா இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப்போட்டதை யாரும் மறக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தேதான் இங்கே இருக்கிறேன்.

கடலும் இல்லாமலில்லை. பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே போனால் மல்லிப்பட்டினம். பக்கத்தில் சரபோஜி கட்டிய மனோரா கோபுரம், நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட எழுப்பியது. அலையடிக்காத கடல், பாக் நீரிணை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். உலகில் கடற்பசுக்கள் மிக அதிகமாக வாழ்வது ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடல்களில். இதைச் சொன்ன நாளிலிருந்து என் சக ஊழியர்களுக்கு மல்லிப்பட்டினம் ஒரு சொந்த ஊர்.

கொண்டாட்டத்துக்கு நடுவே மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியின் படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். எத்தனையோ தெருக்களில் திண்ணை இருக்கிறது, உட்கார ஆளில்லை. ஆலை கட்டி அவர்களை இருத்தலாம் என்றால், நெல் விளையும் மண்ணை அழிக்க வேண்டியிருக்கும். இங்கே எண்ணெயும் எரிவாயுவும் புதிதாகத் தோண்டக் கூடாது என்று போராடித்தான், டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-இல் வந்தது. ஒரு குழி நிலத்தைக்கூடக் கேட்காத வேலை எங்களுடையது. ஒரு மேசை, ஒரு கம்பிவடம், அவ்வளவுதான். தஞ்சாவூரில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் நியோ கட்டடம் 2024 செப்டம்பரில் திறந்தது. தென்காசி மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் வைத்து ஜோஹோ மென்பொருள் நிறுவனம் செய்துகாட்டியதை, அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு பிறந்த இந்த மாவட்டத்திலேயே பல நிறுவனங்கள் செய்ய முடியும். சம்பளம் வெளியிலிருந்து வருகிறது. கீரைக்காரம்மாவிடமும் கருமானிடமும் மளிகைக் கடையிலும் இங்கேயே செலவாகிறது. பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறான்.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மருத்துவக் கல்லூரி சாலை, நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் புதிய வீடுகள் நிறைய. ஆறு வேண்டுமென்றால் கரந்தையும் பள்ளியக்கிரகாரமும். வீட்டுக்காரரிடம் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமா என்று கேளுங்கள், இன்வெர்ட்டருக்கு இடம் விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முதல் தடவை வருவதற்கு ஆடி மாதம் உத்தமம். சென்னை எழும்பூரிலிருந்து உழவன் விரைவு ரயில் இரவில் கிளம்பி விடியற்காலையில் தஞ்சாவூர் வந்து சேர்கிறது. விடுப்புக்கூடப் போட வேண்டாம். மடிக்கணினியோடு ஏறுங்கள், இறங்கியதும் ஒரு காபி குடித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம்.